போட்டு வை, என்ன போச்சு?

ஷாம்பு கம்பெனி ஒன்று நடத்திய வாசகப் போட்டியில் எனக்கு ஹேர் டிரையர் பரிசாக வந்தது. அப்போதே எனக்கு முன்மண்டை வழுக்கை. பின்மண்டையில் இருந்ததும் விடைபெற்றுக்கொண்டிருந்தது. பரிசைக் கொண்டுவந்த விற்பனைப் பிரதிநிதி என் தலையையும் கையிலிருந்த பெட்டியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “வீட்ல மேடத்துக்கு ஆகும் சார்” என்று அவரே ஒரு வழி சொன்னார். மேடம் சாம்பிராணிப் புகையில் தலை காய வைக்கிறவள். இருந்தாலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரித்து போட்டோவுக்கு நின்றேன். அவர்களுக்கு வேண்டியது அந்தப் போட்டோ. எனக்கு வேண்டியது, பெயரும் ஊரும் அச்சில் வருவது. ஹேர் டிரையர் எங்கள் இரு தரப்புக்கும் தேவைப்படவில்லை.

நான் தபால் துறையில் வேலை பார்த்தவன். வேலூரில் கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில்தான் இந்தப் பழக்கம் தொற்றியது. தூர்தர்ஷனில் ‘சுரபி’ ஓடிய நாட்கள் அவை. சித்தார்த் காக்கும் ரேணுகா சஹானேயும் சிரித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்பார்கள். பதிலைக் கார்டில் எழுதிப் போட நாடே கிளம்பும். ஒரு வாரத்தில் மட்டும் 14 லட்சத்துக்கும் மேல் கடிதங்கள் வந்து, லிம்கா சாதனைப் புத்தகத்தில் அந்த நிகழ்ச்சி ஏறியது. அப்போது கார்டு 15 காசு. அதை அச்சடித்து, முத்திரை குத்தி, பிரித்து, ரயிலேற்றி, கொண்டுபோய்ச் சேர்க்க ஆகும் செலவுக்கு 15 காசு எந்த மூலைக்கு? தாங்க முடியாமல் துறை போட்டிக்கென்றே 2 ரூபாயில் தனிக் கார்டு போட்டது. காம்பெடிஷன் கார்டு என்று கேட்டு வாங்குவார்கள். விலையை ஏற்றினால் கூட்டம் குறையும் என்று மேலிடத்தில் நினைத்திருப்பார்கள் போல. என் கவுண்டரில் கத்தை கத்தையாகத்தான் விற்றது. விற்கிறவனால் வாங்காமல் இருக்க முடியுமா? நானும் வாங்கினேன்.

வாசகம் எழுதச் சொல்வது நம் தமிழைச் சோதிக்கத்தான் என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். காரணம் சட்டம் என்று ஒரு வக்கீல் நண்பர் விளக்கிய பிறகு சற்று ஏமாற்றமாக இருந்தது. 1955இல் மத்திய அரசு பரிசுப் போட்டிகளுக்கென்றே ஒரு சட்டம் போட்டது. குறுக்கெழுத்து, விடுபட்ட சொல் என்று பத்திரிகைகள் ஆயிரக்கணக்கில் பரிசு அறிவித்து ஜனங்களை மயக்கிக்கொண்டிருந்த காலம். மாதத்துக்கு மொத்தப் பரிசு 1000 ரூபாயைத் தாண்டக் கூடாது, ஒரு போட்டிக்கு 2000 விடைகளுக்கு மேல் ஏற்கக் கூடாது என்று கடிவாளம் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அதிர்ஷ்டத்தை நம்பிய சூதாட்டப் போட்டிகளுக்குத்தான் இந்தக் கடிவாளம், திறமையை நம்பிய போட்டிகளுக்கு அல்ல என்று 1957இல் தீர்ப்பு வந்தது. நம் மாநிலம் இன்னும் கறார். பொருள் வாங்கினால் குலுக்கலில் பரிசு என்ற வகைத் திட்டங்களை 1979இல் தனிச் சட்டம் போட்டே தடுத்துவிட்டது. நாடு முழுக்க வரும் விளம்பரங்களின் அடியில் எறும்பு எழுத்தில் ‘தமிழ்நாட்டில் செல்லாது’ என்று இருக்கிறதே, அதன் பூர்வீகம் இதுதான். 2003இல் லாட்டரிச் சீட்டும் போயிற்று.

ஆக நமக்கு மிஞ்சியது திறமைப் போட்டி. இதில் ஒரு தொல்லை இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. லாட்டரிச் சீட்டு வாங்குகிறவனுக்குப் பணம் வேண்டும்; விழுந்தால் அதை என்ன செய்வது என்று அவன் முழிக்க மாட்டான். திறமைப் போட்டியிலோ பரிசு அது வேண்டியவனைத் தேடிப் போவதில்லை. எழுத வருகிறவனைத் தேடிப் போகிறது. எனக்கு எழுத வந்தது. எந்தப் பொருளைப் பற்றியும், அதை வாழ்நாளில் தொட்டிராவிட்டாலும், எதுகையோடு ஒரு வரி வந்துவிடும். டீத்தூள் போட்டியில் ஜெயித்தேன். எங்கள் வீட்டில் ஃபில்டர் காபி. குழந்தைப் பவுடரும் எண்ணெயும் அடங்கிய கூடை ஒன்று வந்தபோது என் பெண் ஆறாம் வகுப்பில் இருந்தாள்.

மனைவி ஆரம்பத்தில் கேட்டுப் பார்த்தாள். “வேணுங்கிறதுக்குப் போட்டா சரி. வேண்டாததுக்கு எதுக்குப் போடறீங்க?” என்னிடம் பதில் இல்லை. உண்மையான பதில், தபால்காரர் நம் வீட்டு வாசலில் நின்று பார்சலுக்குக் கையெழுத்து வாங்கும்போது எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும் சத்தம். தபால் துறைக்காரனே தபாலுக்கு ஏங்கினான் என்று சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

பொருளாக வரும் பரிசு வேண்டாததாக இருந்தால் பெரிய பாவமில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நம் வீடுகளில் எதுவும் வீணாகாது. பரண் எதற்கு இருக்கிறது? கல்யாணம், கிரகப்பிரவேசம், காதுகுத்து என்று அழைப்பிதழ் வரும்போதெல்லாம் பரணிலிருந்து ஒரு பெட்டி இறங்கும். அதற்கும் சில மரியாதைகள் உண்டு; அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டோம். ‘பரிசு, விற்பனைக்கல்ல’ என்ற ஸ்டிக்கரை எண்ணெய் தொட்டுச் சுரண்டிவிட வேண்டும். உறவில் நெருங்கியவர்கள் என்றால் சுரண்டாமல், போட்டியில் வந்தது என்று சொல்லியே கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் பெட்டிக்குள் உத்தரவாத அட்டையில் நம் பெயர் இருக்கும். தன் நாத்தனார் எடுத்துப் பார்த்துவிட்டாள் என்று மனைவி ஒரு பொங்கல் முழுக்க முணுமுணுத்தாள். பிரிக்காத பொருளைச் சீக்கிரம் கைமாற்ற வேண்டும். பரணிலேயே கிடந்து ரப்பர் வளையம் காய்ந்துபோன குக்கரை யாருக்குக் கொடுப்பது? மார்கழிக் கோலப் போட்டியில் மனைவி வாங்கிய எவர்சில்வர் தூக்கு மட்டும் எங்கேயும் போக முடியவில்லை. பாத்திரக் கடைக்காரர் அதன் வயிற்றில் ‘மூன்றாம் பரிசு’ என்று வெட்டியே கொடுத்துவிட்டார். முதல் பரிசு என்று வெட்டியிருந்தாலாவது கூடத்தில் வைத்திருப்பாள். அதில் புளி இருக்கிறது.

ஹேர் டிரையரை என் சலூன்காரரிடம் கொடுத்தேன். என் தலையால் அவருக்கு வருமானம் குறைந்துகொண்டே வந்ததற்கு ஒரு ஈடாக இருக்கட்டும் என்று. நெடுங்காலம் அது அங்கே ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனிக்கு நஷ்டம் என்று சொல்ல முடியாது. அவர்கள் எதிர்பார்த்தது வாசகமும் போட்டோவும். இரண்டும் கொடுத்தாயிற்று.

பரிசு பெரிதாகும்போது கணக்கு மாறுகிறது. மைத்துனர் ஒருவருக்கு மோட்டார் பைக் விழுந்தது. வண்டி ஓட்டத் தெரியாது; கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. விற்றுக் காசாக்கிவிடலாம் என்பது திட்டம். வரி என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. இன்றைய விதிப்படி 10,000 ரூபாயைத் தாண்டிய பரிசுப் பணத்தில் 30 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். செஸ் சேர்த்தால் வரி 31.2 சதவீதம். மற்ற வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இதில் சலுகை கிடையாது. பணமாக வந்தால் பிடித்துக்கொள்ளலாம். பைக்கில் எதைப் பிடிப்பது, பின்சக்கரத்தையா? ஆகவே வரியைக் கட்டியாயிற்று என்று உறுதியான பிறகுதான் பொருளைக் கையில் கொடுக்க வேண்டும். ஒரு லட்ச ரூபாய் பைக்கென்றால் 31,200 ரூபாயை முதலில் எடுத்து வைக்க வேண்டும். மைத்துனர் கடன் வாங்கிக் கட்டி, வண்டியை எடுத்து, அவசரத்துக்கு அடிமாட்டு விலைக்கு விற்று, பதிவுக்கும் காப்பீட்டுக்கும் போனது போக மிஞ்சியதில் எங்களுக்கு ஒரு நாள் மதியச் சாப்பாடு போட்டார். அலங்காநல்லூரில் மாடு பிடித்துக் கார் வாங்கிய வீரர்களே, காருக்குப் பதில் ஓர் அரசு வேலை கொடுங்கள் என்று மைக்கைப் பிடித்துக் கேட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அவர்கள் வெளிப்படையாகக் கேட்டார்கள். மைத்துனருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இதெல்லாம் ஜெயித்தவனின் பாடு. அவனே சுமந்துகொள்வான். நான் சொல்ல வந்தது வேறு.

என் பெண் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது பள்ளி மாணவர்களுக்கு ஒரு கட்டுரைப் போட்டி வைத்தார்கள். வானியல் பற்றிய கட்டுரை. நன்றாக எழுதுகிற சிலரைக் காவலூருக்கு வேனில் அழைத்துப் போய் ஓர் இரவு தங்கவைத்து, உடன் ஒரு வானியலாளர் இருந்து வானத்தைக் காட்டுவார் என்பது பரிசு. காவலூர் அப்போது எங்கள் மாவட்டம்தான், இப்போது திருப்பத்தூர். ஜவ்வாது மலையில், காட்டுக்கு நடுவே, ஊர் வெளிச்சம் எட்டாத இடமாகப் பார்த்து அமைத்த வானாய்வகம். அங்கிருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்காகப் பாடுபட்ட வைணு பாப்பு, அது வேலை செய்வதைப் பார்க்காமலேயே 1982இல் இறந்துபோனார். 1986இல் அதைத் திறந்து வைத்தபோது அவர் பெயரையே சூட்டினார்கள். என் பெண் எழுதியது இதைப் பற்றித்தான். அந்தத் தொலைநோக்கியின் காட்சியைக் கற்பனையில் மட்டும் பார்த்துவிட்டுப் போன மனிதரைப் பற்றி. நான் திருத்திக் கொடுக்கிறேன் என்றேன். “வேண்டாம்பா, நீங்க எதுகை போட்டுடுவீங்க” என்றாள்.

பக்கத்துக் கவுண்டரில், சேமிப்புக் கணக்குப் பிரிவில், என்னைவிட இளையவர் ஒருவர் இருந்தார். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அவருடைய பையன் பதினொன்றாம் வகுப்பு, கெட்டிக்காரன். போட்டி நோட்டீஸை அவர் என்னிடம் காட்டி, “இவனுக்கு நட்சத்திரம் கிட்சத்திரம்லாம் இஷ்டமில்லண்ணே. டியூஷன் வேற. போடறதா வேண்டாமான்னு பாக்கறேன்” என்றார். என் வாயில் வழக்கமாக இருக்கும் வாக்கியம் வந்தது: “போட்டு வை, என்ன போச்சு? சர்டிபிகேட்டாவது மிஞ்சும்.”

பையன் போட்டான். தேர்வானவர்களில் அவன் பெயர் இருந்தது. என் பெண்ணின் பெயர் அந்தப் பட்டியலுக்கு அடுத்ததாக இருந்தது. கடைசி நிமிடத்தில் யாராவது வராவிட்டால் கூப்பிடுகிறோம் என்று நடத்தியவர்கள் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டு பி.பி. நம்பரைக் கொடுத்திருந்தோம். வேன் கிளம்பும் வெள்ளிக்கிழமை அவள் பள்ளிவிட்டு வந்து சீருடையைக்கூட மாற்றாமல், ஸ்வெட்டரை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு எடுத்து அலமாரியில் வைத்தாள். இருட்டுகிறவரை இரண்டையும் மாறிமாறிச் செய்துகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை பக்கத்துக் கவுண்டர்க்காரர் மைசூர்பாக் கொண்டுவந்தார். பையன் தேர்வானதற்கு. “எப்படி இருந்துச்சாம் காவலூர்?” என்று கேட்டேன். “எங்கண்ணே போனான்? சனிக்கிழமை காலைல கெமிஸ்ட்ரி டெஸ்ட்டு. நான்தான் அனுப்பல. வேன்காரங்க கோட்டை வாசல்ல அரை மணி நேரம் காத்திருந்து பாத்துட்டுப் போயிட்டாங்களாம்.” சொல்லவில்லையா என்று கேட்டேன். “சொல்லணுமா?” என்றார். அவர் முகத்தில் கள்ளம் இல்லை. உண்மையாகவே கேட்டார். போவதும் போகாமலிருப்பதும் ஜெயித்தவன் பாடு என்று அவருக்குப் பாடம் நடத்தியவனே நான்தான். மைசூர்பாக்கைத் தின்றேன். வேறென்ன செய்வது?

வீட்டில் சொன்னபோது பெண் அழவெல்லாம் இல்லை. “ஒரு ரூபா காயின் போட்டு போன் பண்ணியிருக்கலாமேப்பா” என்றாள். மனைவிதான் எனக்கும் சேர்த்துச் சொன்னாள்: “தானும் படுக்க மாட்டான், தள்ளியும் படுக்க மாட்டான்.” பிறகு ஒரு சனிக்கிழமை பொதுமக்களை அனுமதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானே அவளை அழைத்துப் போனேன். மேகம். ஒரு நட்சத்திரம்கூட இல்லை. திரும்பும் வழியில் வாணியம்பாடியில் பிரியாணி சாப்பிட்டோம், அதுதான் அன்றைய வானியல். அவள் இப்போது ஆடிட்டர். அந்த வேனில் போயிருந்தால் விஞ்ஞானி ஆகியிருப்பாள் என்று நான் கதை கட்டப் போவதில்லை. அவளைக் கேட்டால், அந்தச் சம்பவமே பாதிதான் நினைவிருக்கிறது என்கிறாள். எனக்குத்தான் முழுசாக நினைவிருக்கிறது.

அன்றுவரை பரிசு என்றால் இரண்டு பேர் என்று நினைத்திருந்தேன், கொடுக்கிறவரும் வாங்குகிறவரும். கொடுக்கிறவருக்கு நஷ்டமில்லை என்றால் எல்லாம் சரி. எனக்குப் பின்னால் ஒருவர் நிற்கிறார் என்பது, ஆயுள் முழுக்கக் கவுண்டரில் உட்கார்ந்து வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு உறைக்கவில்லை. பொருளென்றால் பரவாயில்லை, அது வேறு கைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இருக்கை அப்படிக் கிடையாது. வேனில் ஓர் இடம், நாடகத்துக்கு இரண்டு சீட்டு, முகாமில் ஒரு படுக்கை, படிப்புக்கு ஓர் உதவித்தொகை. இவையெல்லாம் அந்த நேரத்தோடு முடிந்துவிடுகிறவை. பரணில் வைக்க முடியாது. அண்ணா ஆட்சியில், 1968இல், தமிழக அரசு லாட்டரி தொடங்கியபோது ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்றார்கள். லாட்டரியைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், அந்தக் கணக்கில் ஓட்டை இல்லை. நாம் போகாத வேனின் இருக்கை விழுந்தும் வீட்டுக்கு ஆகவில்லை, நாட்டுக்கும் ஆகவில்லை.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. என்னை நானே கேட்டுக்கொண்டதுதான். அப்படியானால் திறமை உள்ளவன் ஒதுங்கி நிற்க வேண்டுமா? எழுத வருகிறவன் எழுதாமல் இருப்பதும் ஒரு பொய்தானே? அடுத்தவன் ஜெயிக்கட்டும் என்று நான் விட்டுக்கொடுத்தால், அவன் ஜெயித்தது என் தயவு என்றாகிவிடாதா? இந்தக் கேள்விக்கு என்னிடம் சுத்தமான விடை இல்லை. ஓய்வு பெற்ற பிறகு எங்கள் பேட்டை வாசகர் வட்டத்தில் சிறுகதைப் போட்டிக்கு நடுவராக இருந்தபோது ஒரு கல்லூரிப் பெண் செய்ததைப் பார்த்தேன். முதல் பரிசு, ஒரு கவிஞரோடு மூன்று நாள் பயிலரங்கம். கதையோடு ஒரு துண்டுச் சீட்டு இணைத்திருந்தாள். அந்தத் தேதியில் தனக்குத் தேர்வு, கதை தேறினால் சொல்லுங்கள் போதும், பயிலரங்கத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுங்கள் என்று. எங்களில் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஜெயிக்கறதுக்கு முன்னாடியே விட்டுக்குடுக்கறாளாம், என்ன திமிரு!” எனக்கு அது திமிராகப் படவில்லை. எங்கள் வேலையைப் பாதி குறைத்துவிட்டாள் என்றுதான் பட்டது. இரண்டாவதாக வந்த பையனுக்கு ஒரு வாரம் முன்பே சொல்ல முடிந்தது. அவன் கடையில் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான். அவளுடைய கதைதான் சிறந்தது என்று அறிவித்தோம், கைதட்டலும் அவளுக்குத்தான்.

அதன் பிறகு நானும் துண்டுச் சீட்டு ஆசாமி ஆகிவிட்டேன். பரிசு என்ன, எந்தத் தேதிக்குள், யார் பேருக்கு மாற்றலாம், மாற்றக் கூடாதா என்று விதிமுறைகளை முதலில் படிக்கிறேன். முன்பெல்லாம் வாசகத்தை முதலில் எழுதிவிட்டுத்தான் பரிசு என்ன என்று பார்ப்பேன். பொருளாக இருந்தால் பழையபடியே கூசாமல் எழுதுகிறேன். இடமாகவோ பயணமாகவோ இருந்தால், போக முடியாது என்று தெரிந்தால், அதையும் எழுதியே அனுப்புகிறேன். பாதிப் பேர் அந்தச் சீட்டைப் படிப்பதே இல்லை என்று சந்தேகம்.

போன வருஷம் ஒருவர் படித்தார். ஏற்காட்டில் தம்பதிக்கு இரண்டு இரவு, ஒரு விடுதி நடத்திய போட்டி. எங்கள் இரண்டு பேர் முழங்காலுக்கும் மலைப் படிகளுக்கும் ஒத்துவராது. ஆனால் வாசகம் குளிக்கும்போது தானாக வந்துவிட்டது, என்ன செய்ய? பத்து வார்த்தைக்கு மிகாமல், கச்சிதமாக. சீட்டோடு அனுப்பினேன்.

ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். “சார், உங்களுதுதான் ஃபர்ஸ்ட். ஆனா பரிசு வேண்டாம்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் எதுக்கு சார் கலந்துக்கிட்டீங்க?”

“வாசகம் நல்லா வந்துச்சும்மா. அனுப்பாம இருக்க முடியல. பேரை மட்டும் போட்டுட்டு, ரூமை அடுத்தவங்களுக்குக் குடுத்துடுங்க.”

“அப்படிப் பண்ண முடியாது சார். யார் வந்து தங்கறாங்களோ அவங்க பேரும் வாசகமும்தான் போடுவோம். ஒண்ணு வாங்கிக்கணும், இல்லன்னா விட்டுடணும்.”

ஒரு நிமிடம் இரும்மா என்றேன். பொய் சொல்லக் கூடாது, அந்த ஒரு நிமிடத்தில் முழங்கால் வலி சற்றுக் குறைந்த மாதிரிகூட இருந்தது. இரண்டு இரவுதானே, படியேறாமல் கீழேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தால் என்ன? மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

“விட்டுடறேம்மா” என்றேன். “ரெண்டாவதா வந்தவங்க வாசகத்தை மட்டும் ஒருதரம் படிச்சுக் காட்டறியா?”

படித்துக் காட்டினாள். சுமார்தான். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு வார்த்தை. பத்துக்கு மேல் போகக் கூடாது என்பதும் விதிதானே என்று அவளிடம் கேட்டேன்.